குற்றத்தை எடுத்துரைக்கும் முறை

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுள் ஒருவர் தவறான வழியில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமக்குப் பழக்கமான வழிகள் இரண்டே. இருக்கின்ற நாலு தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைப் பகைத்துக்கொள்வானேன் என்று வாளாவிருப்பது ஒன்று. அவர் இல்லாத இடங்களிலெல்லாம் அதையே பேசித் திரிவது மற்றொன்று. நேரே அவர் வீட்டுக்குச் சென்று, அவர் முகம் பார்த்துச் சொல்லுவோர் மிகச் சிலர். அந்தச் சிலரிலும் பலர் நீதிபதியின் ஆசனத்தைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டு அமர்ந்துகொண்டுதான் பேசத் தொடங்குகிறார்கள்.

கிறிஸ்தவ மறையில் இதற்கு ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். குற்றம் செய்தவனிடம் முதலில் தனிமையில் பேச வேண்டும். அவன் செவிகொடாவிடில் ஓரிருவரைத் துணைகொண்டு பேச வேண்டும். அதற்கும் இணங்காவிடில்தான் சபையின் முன் வைக்க வேண்டும். உலக நடப்போ இதற்குத் தலைகீழ். சபைக்கு முதலில் தெரிகிறது. சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் தெரிகிறது.

இந்த ஒழுங்கை ஏட்டளவில் நிறுத்தாமல் ஆயுள் முழுவதும் கைக்கொண்ட ஒருவரைப்பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் உல்மன். 1720-இல், இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்றாகவும் அன்று ஆங்கிலேயர் குடியேற்றமாகவும் இருந்த நியூ ஜெர்சியில் பிறந்தவர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். குவேக்கர்கள் போரை வெறுப்பவர்கள். மௌனமாகக் கூடியமர்ந்து வழிபடுபவர்கள். மனிதர் யாவரிடத்தும் தெய்வ ஒளி உண்டு என்று நம்புபவர்கள். ஆயினும் அக்காலத்தில் அவர்களுள் வசதி படைத்தோர் பலர் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தார்கள். இது தவறென்று 1688-லேயே ஜெர்மன்டவுன் என்ற ஊரில் சிலர் எழுத்து மூலம் முறையிட்டனர். அந்தக் காகிதம் மாதக் கூட்டத்திலிருந்து காலாண்டுக் கூட்டத்துக்கும், அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்கும் அனுப்பப்பட்டு, அப்படியே கிடப்பில் போடப்பட்டது. அலுவலகங்களில் உத்தியோகம் பார்க்கும் நம் வாசகர்களுக்கு இது வியப்பாயிராது.

உல்மன் இருபது வயதைச் சற்றே கடந்த காலத்தில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். ஒரு நாள் அவருடைய முதலாளி தம் அடிமைப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டை எழுதும்படி கூறினார். வாங்குகிறவர் எதிரிலேயே காத்திருந்தார். அவரும் ஒரு முதிய குவேக்கர். உல்மன் சீட்டை எழுதிக் கொடுத்தார். ஆனால் மனம் கனத்துப்போய், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று தாம் நம்புவதாக அவ்விருவரிடமும் சொல்லிவிட்டார். நானும் இரயில்வேயில் பிறர் எழுதச் சொல்வதை நாள் முழுதும் எழுதும் குமாஸ்தா ஆகையால், அவருடைய நாட்குறிப்பில் வரும் இந்த இடத்தை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை. சொல்லுகிறவன் ஒருவன், கையெழுத்திடுகிறவன் ஒருவன். நடுவில் எழுதுகிறவனுக்கு என்ன பொறுப்பு என்று கேட்டுவிட்டுப் போவதே எழுத்தர் உலகின் வழக்கம். உல்மனோ இடித்துரைப்பதைத் தம் எழுதுகோலிலிருந்து தொடங்கினார். சிறிது காலத்துக்குப் பின் இளைஞர் ஒருவர் அடிமைக்கான பத்திரம் எழுதித் தரும்படி வேண்டியபோது, தம் மனம் இடங்கொடுக்கவில்லை என்று மென்மையாக மறுத்தார். அந்த இளைஞர் கோபிக்கவில்லை. தமக்கும் அது முழுச் சம்மதமான காரியமன்று, மனைவிக்கு யாரோ கொடையாக அளித்ததால் ஏற்றுக்கொண்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது உயில் பற்றிய நிகழ்ச்சி. அயலார் ஒருவர் உடலில் பலத்த அடிபட்டுக் கிடந்தார். இரத்தம் எடுத்துவிடுவது அக்கால வைத்தியம். அதற்காக உல்மனை அழைத்தவர், அது முடிந்ததும் தம் உயிலையும் எழுதச் சொன்னார். சொத்து விவரங்களோடு, தம் அடிமைச் சிறுமி எந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டும் என்பதையும் கூறினார். வேதனையில் இருப்பவரிடம் அப்போது வாதாடலாமா? உல்மன் வாதாடவில்லை. இணங்கவுமில்லை. உயில் முழுவதையும் எழுதி, அடிமையைப் பற்றிய பகுதியை மட்டும் எழுதாமல் விட்டு, படுக்கையருகே அமர்ந்து படித்துக் காட்டினார். சக மனிதரை அடிமையாக்கும் வாசகத்தை எழுதினால் தம் மனம் அமைதியிழக்கும் என்று நண்பரைப் போலக் கூறினார். எழுதிய மட்டுக்கும் கூலி வேண்டாமென்றார். பிறகு இருவரும் வெகுநேரம் மனம்விட்டுப் பேசினார்கள். முடிவில் அவர் சிறுமியை விடுதலை செய்ய உடன்பட்டார். உல்மனும் உயிலை எழுதி முடித்தார்.

நீர் பாவி என்ற சொல் அந்த அறையில் எழவில்லை. குற்றம் மூடி மறைக்கப்படவுமில்லை. எழுதப்படாத அந்த இடமே அதைச் சுட்டிக் காட்டியது. கண்டனம் என்றால் உரத்த குரல் என்றும், அன்பு என்றால் இனிய மௌனம் என்றும் எண்ணிப் பழகிய நமக்கு இந்த மூன்றாவது வழி சற்றுப் புதிதுதான்.

1757-இல் அவர் மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய பகுதிகளில் பிரயாணம் செய்தார். அங்கே தங்குவதற்குக் குவேக்கர் வீடுகளே கிடைத்தன. அவற்றில் பலவற்றில் அடிமைகளே பணி செய்தார்கள். அவ்வீடுகளை உல்மன் புறக்கணிக்கவில்லை. அவர்களோடு உண்டார், உறங்கினார், அவர்கள் குற்றத்தைத் தனிமையில் எடுத்துரைத்தார். இலவச உபசாரம் வாயை அடைத்துவிடும் என்பதை நன்கறிந்தவர் அவர். ஆதலின் புறப்படும்போது, தமக்குப் பணி செய்த அடிமைகளுக்குக் கொடுக்கும்படி வீட்டாரிடம் வெள்ளிக் காசுகளைத் தருவார். சில இடங்களில் தம் கையாலேயே கொடுப்பார். அந்தக் காசு விருந்தளித்தவருக்கு எவ்வளவு கூச்சத்தை அளித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என்பதற்காகச் சர்க்கரையையும் விலக்கினார். 1766-இல் டெலவேர், மேரிலாந்துப் பகுதிகளுக்குக் கால்நடையாகவே சென்றார்.

வேறொரு வகையில் இடித்துரைத்தவரும் அக்காலத்தில் உண்டு. பெஞ்சமின் லே என்ற குள்ளமான உருவமுடைய குவேக்கர், 1738-இல் பர்லிங்டன் நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு புத்தகத்துடன் வந்தார். அதன் உட்பகுதியைக் குடைந்து, செந்நிறப் பழச்சாறு நிரப்பிய பை ஒன்றை உள்ளே வைத்திருந்தார். அடிமை வைத்திருப்போரைச் சாடிப் பேசிவிட்டு வாளால் அதைக் குத்த, அருகிலிருந்தவர்கள் மேல் இரத்தம் போலச் சாறு தெறித்தது. அவரை வெளியே தூக்கிச் சென்றார்கள், சபையிலிருந்தும் விலக்கினார்கள். லே கூறியதில் அணுவளவும் பிழையில்லை. அவரைப் பித்தரென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. உல்மன் கதவைத் தட்டுவதற்கு முன்பே வீட்டுக்குள்ளிருந்தவரின் உறக்கத்தை லே கெடுத்திருந்தார் என்றே கருதுகிறேன். எனினும், சாறு தெறித்தவர் வீட்டுக்குச் சென்று துடைத்துக்கொண்டு, தம்மை அவமதித்தான் என்ற கோபத்திலேயே தம் குற்றத்தை மறந்துவிட முடியும். படுக்கையருகே அமர்ந்து பேசுகிறவனிடம் அந்தச் சௌகரியம் கிடைப்பதில்லை.

1758-இல் பிலடெல்பியாவில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உல்மன் எழுந்து பேசினார். அடிமை வைத்திருக்கும் உறுப்பினரை வீடுவீடாகச் சென்று கண்டு பேச ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதில் அவரும் ஒருவர். லே அந்தத் தீர்மானத்தைக் கேள்வியுற்ற பின்னரே, 1759-இல் காலமானார். பல ஆண்டுகள் இப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்த்த பிறகு, 1776-இல் அந்த ஆண்டுக் கூட்டம் இறுதி அடியை வைத்தது: அடிமைகளை விடுவிக்க மறுப்போர் சபையில் இருக்க இயலாது. தனிமை, துணை, சபை என்ற மூன்று படிகளும் இங்கே வரிசை தவறாமல் வந்துவிட்டன.

ஆனால் ஒரு கேள்வியை ஒதுக்கிவிடலாகாது. உல்மன் அந்த முதல் சீட்டை எழுதிய நாளிலிருந்து 1776 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. குற்றம் செய்தவரின் மனம் இளகும்வரை பொறுமையுடன் காத்திருந்தது அன்புதான். எனினும் அந்தப் பொறுமைக்குரிய விலையைக் கொடுத்தவர்கள் குற்றவாளிகளல்லர். வயல்களிலும் அடுக்களைகளிலும் உழைத்துக்கொண்டிருந்த அடிமைகளே. உல்மன் இதை உணராதவரல்லர் என்பதற்கு அவர் நடந்த நடையும் கொடுத்த காசும் சான்று. ஆயினும் அவற்றால் அந்தக் கணக்கு நேராகிவிடாது. தவறு செய்தவரை மட்டுமே பாதிக்கும் குற்றத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் தனிமையில் பேசலாம். பிறர் முதுகில் ஏறி நிற்கும் குற்றத்துக்கு அவ்வளவு அவகாசம் கொடுக்க நமக்கு உரிமை உண்டா?

உல்மன் 1776-ஐக் காணவில்லை. 1772-இல் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றார். அலங்காரம் மிகுந்த அறையை விடுத்து, மாலுமிகளோடு கீழ்த்தட்டிலேயே பிரயாணம் செய்தார். அங்கே குதிரைகளையும் வண்டியோட்டும் சிறுவர்களையும் இரக்கமின்றி வேலை வாங்குகிறார்கள் என்று அறிந்து, தபால் வண்டிகளில் ஏறாமல் நடந்தே யார்க் நகரை அடைந்தார். அவ்வூரில் பெரியம்மை கண்டு, அவ்வாண்டு அக்டோபரில் உயிர் நீத்தார். அவருடைய நாட்குறிப்பு 1774-இல் நூலாக வெளிவந்தது.