மோடத்தில் விளக்கு எரிகிறது, கணினியில் இணையம் இல்லை



பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டின் பழைய செப்புக்கம்பி இணைப்பைக் கைவிட்டுக் கண்ணாடியிழை இணைப்புக்கு மாறினோம். பொருத்த வந்த தம்பி புதிய மோடத்தை வைத்தார். கைப்பேசியில் வேகத்தைக் காட்டினார். கையொப்பம் வாங்கிக்கொண்டு சென்றார். அவர் வேலையில் குறை சொல்வதற்கில்லை. அன்றிரவு ஆண்டுப் பாடத்திட்டத்தை அனுப்பலாம் என்று மேசைக் கணினியைத் திறந்தால் இணையம் இல்லை.

மறுநாள் பட்டணத்துக் கணினிக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "நெட்வொர்க் கார்டு போயிருக்கும், கொண்டு வாங்க, நூற்றிருபது வெள்ளி ஆகும்" என்றார்கள். கணினியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வந்த தீர்ப்பு அது. உள்ளபடியே நானும் சம்மதிக்கத்தான் இருந்தேன்.

என்னைத் தடுத்தது ஒரு பழைய நினைவு. 2021ஆம் ஆண்டு, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்த காலம். தோட்டத்திலிருந்து வரும் என் மாணவன் ஒருவன் இரண்டு வாரங்களாக வகுப்பில் தோன்றவில்லை. அவன் தாயார் யாரோ கொடுத்த பழைய மடிக்கணினியைக் கடையில் கொடுத்துப் பணமும் கட்டியிருந்தார். பின்னர்தான் தெரிந்தது, அந்தக் கணினியின் பக்கவாட்டில் கம்பியில்லா இணைப்புக்கென ஒரு சிறு பொத்தான் இருந்தது, அது அணைந்திருந்தது. அவ்வளவுதான். "கைப்பேசியில் இணையம் வருகிறதா அம்மா?" என்று அன்றே நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இம்முறை நானே உட்கார்ந்தேன். இணையம் வீட்டுக்குள் வரும் வழி ஒன்றே: சுவர், மோடம், கம்பி, கணினி. அந்த வரிசையிலேயே நடந்து பார்க்க வேண்டும். கைப்பேசி அதே மோடத்தின் வழியே நன்றாக இயங்கியது. ஆக, தெருவிலிருந்து மோடம் வரை பழுதில்லை. கணினியின் பின்புறம் கம்பி செருகும் துளையருகே சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஆக, கம்பியும் நலம். 'போய்விட்டது' என்று சொல்லப்பட்ட கார்டுக்கும் உயிர் இருக்கிறது. இனி எஞ்சியது கணினியின் அமைப்பு மட்டுமே.

கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டினேன். அங்கே கிடைத்தது விடை. என் கணினி தன் முகவரி 192.168.1.10 என்றது. புதிய மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த தாளிலோ 192.168.0.1 என்றிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ இந்தக் கணினிக்குப் பழைய மோடத்துக்கு ஏற்றபடி நிலையான முகவரி ஒன்றைக் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்கள். வீடு மாறிய பிறகும் பழைய தெருப் பெயரையே சொல்லிக்கொண்டிருப்பவருக்குக் கடிதம் எப்படி வரும்? முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றினேன். இணையம் வந்தது. ஒரு காசும் செலவில்லை.

உங்கள் திரையில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் அது வேறு கதை. கணினி முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை என்பது அதன் பொருள். அப்போது கம்பியையும் மோடத்தையும் திரும்பப் பாருங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மோடத்தின் பின்னுள்ள ஊசித்துளையை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பல இணைப்புகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்தப் பெட்டிக்குள்தான் பதிந்திருக்கும். அழுத்தினால் அவையும் அழிந்துவிடும். அணைத்துப் போடுவது வேறு, அழிப்பது வேறு.

கனடா, அமெரிக்காவில் உள்ள நம் உறவினர் பலர் தொலைக்காட்சி வடத்தின் வழியே வரும் கேபிள் மோடம் வைத்திருப்பார்கள். அதில் இன்னொரு விசித்திரம் உண்டு. முதலில் இணைத்த கருவியையே அது நினைவில் வைத்துக்கொண்டு, வேறு கணினியைச் செருகினால் கண்டுகொள்ளாமல் இருப்பதுண்டு. சில நிமிடங்கள் மின்சாரத்தைத் துண்டித்து வைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. 2001இல் ஸ்திரீமிக்ஸ் வந்தது முதல் தொலைபேசிக் கம்பி, 2010இல் யூனிஃபை வந்தது முதல் கண்ணாடியிழை என்பதே நம் நாட்டுப் பாதை. நம் ஜாசினிலேயே 2018இல் தெனாகா நேஷனல் நிறுவனம் கண்ணாடியிழை இணையத்துக்கான முன்னோடித் திட்டத்தை நடத்தியது. கம்பி நம் வாசல்வரை வந்துவிட்டது. அதற்கப்பால் உள்ள நான்கு முழம் யார் பொறுப்பு என்பதே என் கேள்வி.

பள்ளியின் பொறுப்பும்தான் என்பேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கணினியில் எழுதவும் படம் காட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். நின்றுபோனால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. இன்று பாடத்திட்டத்தில் கணினிசார் சிந்தனை இருக்கிறது. சிக்கலைக் கூறுபோடு, தேவையற்றதை ஒதுக்கு, படிப்படியாகச் செல் என்கிறோம். பிறகு அதற்கு எடுத்துக்காட்டாகத் தேநீர் கலக்கும் முறையைக் கரும்பலகையில் எழுதுகிறோம்! இணையம் வராத கணினியைவிடச் சிறந்த பாடக்கருவி எது?

கையேடுகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன என்பது உண்மை. நம் பிள்ளைகள் இரண்டையும் படிப்பார்கள். ஆனால் வீட்டில் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் எடுத்துச் சொல்லத் தமிழில் சொல் வேண்டும். முகவரி, கம்பி, பெட்டி, விளக்கு ஆகிய இந்த நான்கு சொற்களைக் கொண்டே மேலே உள்ளவற்றில் பெரும்பகுதியை எழுதிவிட்டேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பள்ளி திறந்ததும் கழற்றிப்போட்ட பழைய மோடத்தை ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். விளக்கு ஒன்றுகூட எரியவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கை தூக்கினான்: "ஐயா, கரண்டு பில் கட்டியாச்சானு பார்ப்பேன்."

வகுப்பே சிரித்தது. என் வரிசையில் அது இல்லை. சுவருக்கு முன்னால் சேர்த்து எழுதிக்கொண்டேன்.