தண்டவாளத்தில் நம் தாத்தாக்கள்

விடுதியில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ரயில் பைத்தியம்'. நான் மறுப்பதில்லை. ஆனால் என்னைவிடப் பெரிய பைத்தியங்கள் நெதர்லாந்தில் இருக்கிறார்கள்.

அந்நாட்டு ரயில்வே, இங்கிலாந்தில் வேலையில்லாமல் கிடந்த ஏழு மின்சார எஞ்சின்களை 1969இல் வாங்கியது. 1986 வரை ஓட்டிவிட்டு ஓய்வு கொடுத்தது. அவற்றுள் 1501 என்ற எண்ணுள்ள எஞ்சினை ஆர்வலர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து காத்து வருகிறார்கள். பிறந்தது வேறு நாட்டில், வாங்கியதும் பழசு. அதற்கே இந்த மரியாதை! யூட்ரெக்ட் நகரில் பழைய நிலையம் ஒன்றையே ரயில் அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்கள்.

பினாங்கிலும் ஒரு பழைய நிலையம் உண்டு. ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் மணிக்கூண்டோடு நிற்கும் விஸ்மா கஸ்தாம்தான் அது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம்! அக்காலத்தில் அங்கே பயணச்சீட்டு வாங்கி, பெர்ரி ஏறிப் பிறைக்குப் போய் ரயிலைப் பிடிப்பார்கள். அந்தப் பிறையில்தான் என் தாத்தா ஃபயர்மேனாக இருந்தார்.

அவர் வேலை செய்தது 56ஆம் வகை நீராவி எஞ்சின்களில். 1938 முதல் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை அவை. தெமர்லோ போன்ற ஊர்ப் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருந்தார்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு தடவை 'குப்' என்று நீராவியை வெளியே தள்ளும். இதற்கு மூன்று சிலிண்டர், ஆகவே ஆறு தடவை. தாத்தா இதைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை. சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். கண்ணை மூடிக்கொண்டே எந்த வகை எஞ்சின் வருகிறது என்று சொல்லிவிடலாமாம்.

தமிழ்ப்பள்ளியில் 'புகைவண்டி' என்று கட்டுரை எழுதினேன். இடைநிலைப்பள்ளியில் அது 'கெரேத்தாப்பி' ஆனது. எஞ்சினின் உறுப்புகளையெல்லாம் ஆங்கிலத்தில்தான் படித்தேன். எஞ்சினைப் பற்றி என்னோடு தமிழில் பேசிய ஒரே மனிதர் தாத்தாதான். நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது இறந்துவிட்டார். என் கைப்பேசியில் பட்டர்வொர்த் மின்சார ரயில்களின் காணொளிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவர் குரல் ஒன்றுகூட இல்லை.

1957இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 26 டீசல் எஞ்சின்கள் வந்தன என்பதை எந்த ஆர்வலரும் சொல்வார். அதன்பின் அடுப்படி வேலையை இழந்த ஃபயர்மேன்கள் என்ன ஆனார்கள்? அதை யார் எழுதினார்கள்? நம் மேடைகளிலும் சயாம் மரண ரயில்பாதையைப் பற்றித்தான் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும், நம் தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த பாதை அது. ஆனால் தண்டவாளத்தில் நாம் செத்த கதை மட்டும்தான் நம் கதையா? ஓட்டிய கதை இல்லையா? கைத்தொழில் தெரிந்தவர்களாக, மிடுக்கோடு வாழ்ந்த ரயில்வேக்காரர்களை நாமே மறந்தால் அருங்காட்சியகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கழகத்தில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம். (தலைப்பும் பெரும்பாலும் பழையதுதான்!) இந்த ஆண்டு ஒரு வார இறுதியை மட்டும் இதற்குக் கொடுங்கள் என்று செயலவையைக் கேட்கிறேன். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களைத் தேடிப் போவோம். முன்னாள் மாணவர்களே, உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் தெரிவியுங்கள். கைப்பேசி போதும், கேள்விகளை நான் தயாரித்துத் தருகிறேன். முதல் கேள்வி, தாத்தாவிடம் நான் கேட்கத் தவறியது: முதன்முதலாக வேலைக்கு ஏறிய எஞ்சினில் எந்த ஊரின் பெயர் எழுதியிருந்தது?