புகையின் ருசி

சென்ற மாசியில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் விருந்து. இலையில் கோழிக் குழம்பும் சீரகச் சம்பாச் சோறும். "எல்லாம் விறகடுப்புச் சமையல், ஸார்! காஸ் அடுப்பில் இந்த ருசி வருமா?" என்றார் நண்பர். அவருக்கு அதில் அத்தனை பெருமை.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். முழ அகலம்கூட இல்லாத ஜன்னல். அடுப்பின் முன்னே, ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அவர் மனைவி இருமிக்கொண்டிருந்தார். "பச்சை வெறகுங்கண்ணே, அதான்" என்று, ஏதோ குற்றம் செய்தவர்போல் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மூலையில் ஒரு சிலிண்டர். அதன் தலையில் கோலப்பொடி டப்பா.

சாப்பிட்ட ருசி எனக்கு அங்கேயே கசந்தது.

விறகுப் புகையில் வாசனை மட்டுமா இருக்கிறது? தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள், மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகின்றன. மூச்சடைப்பு, இருதய நோய், குழந்தைகளுக்கு நிமோனியா எல்லாம் அதன் வரவுகள். வீட்டுக்குள்ளிருக்கும் இந்த அசுத்தக் காற்றால் 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இது எங்கேயோ நடக்கிற கதையல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1999-ல் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்து பார்த்தார்கள். விறகு எரிக்கும் வீட்டில், சமைக்காதவர்களையும் புகை விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ருசி பேசுகிறவர் கவனிக்கட்டும்!

வழி தெரியாமலா இருக்கிறோம்? ஹைதராபாத் எஞ்சினியர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பற்றி 1953-லேயே புத்தகம் எழுதிவிட்டார். 2006-க்குப் பின் மாநில அரசு இலவச காஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. கூலிக்காரர் வீட்டில் அடுத்த சிலிண்டருக்குக் காசில்லை என்றால் அது அவர்கள் குற்றமல்ல. அதற்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். என் சண்டை, காசிருந்தும் ருசி பேசுகிறவர்களோடுதான்.

திண்டுக்கல் நகரத்தில் காஸ் அடுப்போடு வாழும் வாசகர்களும் சிரிக்க வேண்டாம். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுருள் கொளுத்துகிறீர்களே! ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு சொல்லிற்று. தொட்டில் அந்த அறையில்தானே இருக்கிறது? ஜன்னலுக்கு வலை அடிக்க எத்தனை செலவாகிவிடும்?

நண்பருக்கு ஒரு யோசனை சொன்னேன். ஒரு மாதம் அந்த அடுப்பின் முன் அவரே உட்கார்ந்து ஊதட்டும். அதற்குப் பிறகும் ருசிதான் பெரிதென்றால், தாராளமாக விறகிலேயே சமைக்கலாம். அவரே சமைக்க வேண்டும், அவ்வளவுதான்.