தேதி குறித்தது யார்?

2010 அக்டோபர் 2. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் செயின்ட் கில்டாவை 56 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்திக் கோப்பையை ஏந்தியது காலிங்வுட். முந்தைய வாரம் 68-68 என்று சமனில் முடிந்ததால் மறுபடியும் ஆடப்பட்ட கிராண்ட் ஃபைனல் அது. காலிங்வுட் இருபது ஆண்டுகள் காத்திருந்த கோப்பை. அதைப் பெற்றுத் தந்த பயிற்சியாளர் மிக் மால்ட்ஹவுஸ் இன்னும் ஓராண்டில் பதவியிறங்கியாக வேண்டும் என்பது அன்றைக்கே மைதானம் முழுவதற்கும் தெரியும். 2009 ஜூலையிலேயே கிளப் தலைவர் எடி மெக்வயர் அறிவித்துவிட்டார்: 2011 வரை மால்ட்ஹவுஸ், 2012 முதல் நேதன் பக்லி.

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் ‘வாரிசுத் திட்டம்’ என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்த ஏற்பாடுதான். அது சரியா தவறா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பக்லி அதற்குத் தகுதியானவரா என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். போகிறவர் போக விரும்பினாரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த ஆட்டத்தின் அமைப்பே இப்படியொரு திட்டத்தை நோக்கிக் கிளப்புகளைத் தள்ளுகிறது. ஆட்டக்காரர்களுக்கான மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் பின்தங்கிய அணிக்கே முதல் வாய்ப்பு. பணத்தைக் கொட்டி வெற்றியை வாங்க வழியில்லாத இடத்தில் பயிற்சியாளரின் மதிப்பு ஏறிவிடுகிறது. உலகில் வேறெங்கும் இந்த அளவில் ஆடப்படாத விளையாட்டு என்பதால் தலைமைப் பயிற்சியாளருக்கு இருப்பதோ இன்று மொத்தம் 18 நாற்காலிகள். அவற்றில் ஒன்று காலியானால் மற்ற கிளப்புகளுக்கு வயிற்றில் புளி கரைகிறது. 2009 ஜூனில் நார்த் மெல்பர்னில் அப்படியொரு இடம் காலியாயிற்று. அடுத்த மாதமே பக்லிக்கு இளவரசுப் பட்டம் கட்டியது காலிங்வுட். 2021 ஜூனில் பக்லி விலகிக் காலிங்வுட்டின் நாற்காலி காலியானது. அடுத்த மாதமே ஹாத்தோர்ன் சாம் மிட்செலை வாரிசாக அறிவித்தது. இரண்டிலும் தொலைநோக்கைவிட, கைநழுவிப் போய்விடுமோ என்ற பதற்றமே எனக்கு அதிகம் தெரிகிறது.

காலிங்வுட் கதையின் மீதியையும் பார்த்துவிட வேண்டும். 2011இல் அந்த அணி 22 ஆட்டங்களில் 20ஐ வென்றது. கிராண்ட் ஃபைனலில் ஜீலாங்கிடம் 38 புள்ளிகளில் தோற்றது. ஜீலாங்கின் பயிற்சியாளர் கிறிஸ் ஸ்காட்டுக்கு அது முதல் ஆண்டு; வெளியிலிருந்து வந்தவர், யாரும் வாரிசாக வளர்த்து வைத்திருந்தவர் அல்லர். மால்ட்ஹவுஸுக்குப் பயிற்சி இயக்குநர் என்ற பதவி மூன்றாண்டுகளுக்குக் காத்திருந்தது. அதை ஏற்காமல் வெளியேறினார். 2013இல் காலிங்வுட்டின் பரம வைரியான கார்ல்டனுக்கே பயிற்சியாளரானார். அவரிடம் வளர்ந்த டேல் தாமஸ் அந்த ஆண்டின் முடிவில் காலிங்வுட்டை விட்டு அவர் பின்னாலேயே போனார்.

பக்லி சாதாரண ஆளில்லை. ஒன்பது ஆண்டு அணித்தலைவர், 2003இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம் பெற்றவர். அவருக்கு வந்து சேர்ந்தது, இன்னொருவர் விட மனமில்லாமல் விட்டுப்போன அணி. 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டுகள் இறுதிச் சுற்றையே எட்டவில்லை. 2018 கிராண்ட் ஃபைனலை வெறும் 5 புள்ளிகளில் இழந்தார். பத்தாவது சீசனின் நடுவில் கோப்பை இல்லாமலே விடைபெற்றார். தோல்வியின் பழியெல்லாம் அவர் பெயரில் எழுதப்படுவது எனக்கு உறுத்துகிறது. கணக்கில் சேர வேண்டியவர்கள் 2009இல் தேதி குறித்தவர்களும்தான்.

ஹாத்தோர்னில் நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நான்கு கோப்பைகள் தந்த அலஸ்டர் கிளார்க்சன் 2022 வரை இருப்பார், பிறகு மிட்செல் என்று 2021 ஜூலைத் தொடக்கத்தில் சொன்னார்கள். அந்த மாதம் முடிவதற்குள் திட்டம் கவிழ்ந்தது. அந்த சீசனோடு கிளார்க்சன் வெளியேறினார்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் பால் ரூஸ். 2005இல் சிட்னி ஸ்வான்ஸின் 72 ஆண்டு வறட்சியைத் தீர்த்தவர். 2010தான் தன் கடைசி சீசன் என்று தானே முடிவெடுத்தார். 2002 முதல் அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்த ஜான் லாங்மயர் அவர் இடத்துக்கு வந்து, இரண்டாவது ஆண்டிலேயே கோப்பையை வென்றார். பிறகு 2013இல் 22 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்று சீரழிந்து கிடந்த மெல்பர்ன் கிளப்புக்கு ரூஸ் போனார். நெடுநாள் தங்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனார். அவருக்கு அடுத்தவராக அழைத்து வரப்பட்ட சைமன் குட்வின் 2017இல் பொறுப்பேற்று, 2021இல் 57 ஆண்டுகளுக்குப் பின் மெல்பர்னுக்குக் கோப்பை கொடுத்தார். ரூஸ் விலகிய இரண்டு இடத்திலும் அடுத்தவர் கோப்பை தொட்டிருக்கிறார். போகிறவர் மனமொப்பிப் போனால் ஆட்டக்காரர்கள் இரு பக்கமாகப் பிரிய வேண்டியிருக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மனமொப்புதல் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்சென்டனில் ஜான் வோர்ஸ்ஃபோல்ட் 2020 முழுவதும் பதவியில் இருக்க, அடுத்து வரவிருந்த பென் ரட்டனும் கூடவே பொறுப்பைப் பகிர்ந்தார். கசப்பு எதுவும் வெளியே தெரியவில்லை. ஆனால் ஒரே உறையில் இரண்டு கத்திகள். 17 ஆட்டங்களில் 6 வெற்றிதான் மிஞ்சியது. ரட்டன் தனியாக நடத்தியதும் இரண்டு சீசன்கள் மட்டுமே. 2022இல் அவரை நீக்கினார்கள். போர்ட் அடிலெய்டும் 2025 பிப்ரவரியில், சீசன் தொடங்கும் முன்பே, கென் ஹிங்க்லிக்கு அது கடைசி ஆண்டு, அடுத்து ஜாஷ் கார் என்று அறிவித்தது. முந்தைய ஆண்டு பட்டியலில் இரண்டாமிடம் பிடித்திருந்த அணி 2025இல் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. காயங்களுக்கும் அதில் பங்குண்டு. இருந்தாலும் முடிவுத் தேதி தெரிந்த ஒருவரின் கட்டளைக்கு மார்ச் மாதத்தில் இருக்கும் கனம் ஜூலையில் இருக்குமா?

2024 நவம்பரில் லாங்மயர் தன் முறை வந்ததும் விலகினார். அதே நாளில் துணைப் பயிற்சியாளர் டீன் காக்ஸ் நியமிக்கப்பட்டார். காத்திருப்பு ஆண்டு என்று ஒன்று இருக்கவே இல்லை. காக்ஸின் முதல் சீசனில் ஸ்வான்ஸ் இறுதிச் சுற்றைத் தவறவிட்டது உண்மைதான். ஆனால் லாங்மயர் கிளப்பிலேயே வேறொரு நிர்வாகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மால்ட்ஹவுஸுக்காகக் காலிங்வுட் செய்து வைத்து, அவர் ஒருநாளும் உட்காராமல் போனது இப்படியொரு நாற்காலியில்தான்.