ஆஸ்போர்ன் வெறும் நகலா?

இங்கிலாந்தின் வைட் தீவில் 1845 முதல் 1851 வரை விக்டோரியா மகாராணிக்காக எழுந்த ஆஸ்போர்ன் மாளிகையை, இத்தாலியைப் பார்த்து அடித்த நகல் என்று ஒதுக்குவோர் உண்டு. சதுரக் கோபுரங்கள் இத்தாலியச் சாயல்தான்; கல்லாகத் தெரியும் சுவரும் செங்கல்மேல் பூசிய சிமென்ட்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது இதன் பெருமை. அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து இதை வடிவமைத்தவர், தச்சராகத் தொடங்கி லண்டனின் பெரிய கட்டட ஒப்பந்ததாரராக உயர்ந்த தாமஸ் கியூபிட். வார்ப்பிரும்பு உத்தரங்களை வைத்தார். மாடித் தளங்களுக்குள் கடற்சிப்பிகளைக் கொட்டி ஓசையை அடக்கினார். ஒன்பது பிள்ளைகள் பிறந்த குடும்பத்துக்கு அது தேவைதான்!

அரசியிடம் பணமா இல்லை, கல்லிலேயே கட்டியிருக்கலாமே என்பார்கள். கட்டியிருக்கலாம். ஆனால் செங்கல்லும் பூச்சும் என்பதால்தான் வேலை விறுவிறுவென நடந்து, 1846 செப்டம்பரிலேயே குடும்பம் குடியேற முடிந்தது.