கோட்டுக்குள் ஒரு மகாநகரம்

அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் பாறையும் ஆறுமாகக் கிடக்கும் 'கிராண்ட் கான்யன்' பள்ளத்தாக்கின் பெரும்பகுதி, சர்க்கார் கணக்கில் மகாநகரப் பிரதேசம்! நேயர்கள் நகைக்கலாம், ஆயினும் உண்மை அதுவே.

அந்நாட்டார் 'கவுண்டி' என்னும் ஜில்லாவைத் துண்டாடாமல் முழுமையாகவே கணக்கிற் சேர்க்கிறார்கள். 50,000 ஜனங்களுக்குக் குறையாத நகர்ப்புறம் நடுவே இருப்பின் அது மகாநகரப் பிரதேசம். 10,000-க்கு மேல் 50,000-க்குள் இருப்பின் சிறுநகரப் பிரதேசம். அண்டைக் கவுண்டியில் உழைப்போரில் நூற்றுக்கு 25 பேர் மையக் கவுண்டிகளுக்கு வேலைக்குச் சென்று வந்தால் அதுவும் உடன் சேரும். பிளாக்ஸ்டாப் நகரின் பொருட்டுக் கொகொனினோ கவுண்டி முழுவதும் 'மகாநகரம்' ஆயிற்று.

2021-இல் 50,000 என்ற வரம்பை லட்சமாக உயர்த்த யோசனை எழுந்தது. 144 பிரதேசங்கள் தரமிழக்க இருந்தன. ஊரார் ஆட்சேபித்தனர், யோசனை கைவிடப்பட்டது. இது வெறும் கௌரவப் பிரச்னை அன்று. புள்ளிவிவரத்துக்கென்றே வகுத்த எல்லை என்று சர்க்கார் எச்சரித்தும், மானியங்கள் பல அதைக்கொண்டே பங்கிடப்படுகின்றன.

கிராம சுகாதார இலாகா மட்டும் மகாநகரக் கவுண்டிகளுக்குள்ளும் சிறு வட்டாரங்களைத் தனித்துப் பார்த்துக் கிராமங்களை இனம் காண்கிறது. கணக்கு ஜனங்களுக்காகவே, ஜனங்கள் கணக்குக்காக அல்ல என்பதை உணர்ந்த முறை அதுவென்போம்.