எழுதியவனுக்குக் கூலி எங்கே?

ஊரில் ஒரு விழா வருகிறது. பள்ளிவாசல் திறப்பாகவோ, மத்ரஸாவின் ஆண்டு நிறைவாகவோ, மீலாது விழாவாகவோ அது இருக்கலாம். விழாவை முன்னிட்டு ஒரு சிறப்பு மலர் வெளியிட வேண்டுமென்று குழு கூடித் தீர்மானிக்கிறது. காகிதக் கடைக்காரருக்கு முன்பணம் போகிறது. அச்சகத்தாருக்குப் பாதி முன்பும் பாதி பின்பும் கொடுக்கப்படுகிறது. அட்டைப்படம் வரைந்தவருக்கு அவர் கேட்ட தொகை. பைண்டிங் செய்தவருக்குக் கைமேல் காசு. மலர்க்கட்டுகளைச் சுமந்து வந்தவருக்கும் கூலி. எல்லாம் முறைப்படி நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். ஆனால், அம்மலரில் எழுதிய கட்டுரையாளர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அவர்கள் தீனுக்காக எழுதினார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அஜ்ரு தருவான்" என்று குழுத் தலைவர் புன்னகையோடு விடையளிப்பார்.

இந்த விடையைத்தான் நான் மறுக்கிறேன்.

அஜ்ரு என்பதும் உஜ்ரத்து என்பதும் ஒரே வேரிலிருந்து பிறந்த அரபுச் சொற்கள். நம்மவர் வழக்கில் முன்னது இறைவன் அருளும் நற்கூலியைக் குறிக்கும். பின்னது, வேலை வாங்கிய மனிதன் வேலை செய்த மனிதனுக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட கூலியைக் குறிக்கும். அஜ்ரு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. உஜ்ரத்து நம் கையில் இருக்கிறது. நாம் தீர்க்க வேண்டிய கடனை அவன் பெயரில் எழுதிவிட்டுக் கைகழுவிக்கொள்ளும் அதிகாரத்தை நமக்குத் தந்தவர் யார்?

சொற்களிலேயே நம் மனப்போக்கு வெளிப்பட்டுவிடுகிறது. தச்சருக்கும் கொத்தனாருக்கும் நாம் கொடுப்பது கூலி. ஆசிரியருக்குக் கொடுப்பது சம்பளம். எழுத்தாளருக்கு மட்டும் "சன்மானம்". சன்மானம் என்றால் மரியாதையின் பொருட்டு வழங்கும் பரிசு. கொடுத்தால் கொடுத்தவரின் பெருந்தன்மை, கொடுக்காவிட்டால் குற்றமில்லை. சமய நூல்களில் விலை என்று போடாமல் "ஹதியா" என்று அச்சிடுவதையும் பார்த்திருப்பீர்கள். அந்த ஹதியாவை எடுத்து வைக்காமல் நூலைக் கையில் எடுத்துப் போக எந்தக் கடைக்காரராவது விடுகிறாரா? விற்பவரின் ஹதியா விலையாகவே இருக்கிறது. எழுதியவரின் சன்மானம் மட்டுமே தர்மமாக மாறிவிடுகிறது.

எந்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலிலும் பெயரில்லாமல், எழுதி அனுப்பும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கிடைப்பதைக் கொண்டு குடும்பம் நடத்த முயலும் சுயேச்சை எழுத்தாளரின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரின் பழைய பள்ளிவாசலைப் பற்றி அவர் எழுத வேண்டுமென்றால், அவ்வூருக்குப் பேருந்தில் போக வேண்டும். கல்வெட்டைப் பார்க்க வேண்டும். முதியவர்களிடம் கேட்க வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். பிறகு எழுத வேண்டும். அடித்துத் திருத்தி மறுபடியும் எழுத வேண்டும். அனுப்பிய பின், ஏற்றார்களா இல்லையா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிவந்தால் ஓர் இதழ் வீட்டுக்கு வரும். அவ்விதழைக் கொடுத்து அரிசி வாங்க இயலாது. நோய் வந்தால் விடுப்பு இல்லை. முதுமை வந்தால் ஓய்வூதியம் இல்லை. உழைப்பு எட்டு நாள். வருமானம் ஒரு பாராட்டுக் கடிதம்!

"எழுத்து சோறு போடுமா?" என்று எழுத விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் கண்டிக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வீட்டில் எத்தனை இதழ்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியும், கைப்பேசியில் எவரோ படம்பிடித்து அனுப்பிய பக்கங்களைப் பார்த்தும் படித்துவிட்டு, எழுதியவர் பெயரை நீக்கிப் பத்துப் பேருக்கு அனுப்பி வைப்பவர்கள் நாம். சோற்றைத் தடுத்தவரே சோறு போடுமா என்று கேட்பது என்ன நியாயம்?

"அறிவைப் பரப்புவது வணக்கம், வணக்கத்துக்கு விலை பேசலாமா?" என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் புதியதன்று, நம் பிக்ஹு நூல்கள் இதனை எப்பொழுதோ ஆராய்ந்து முடித்திருக்கின்றன. குர்ஆன் கற்பிக்கக் கூலி பெறுவதை முற்கால ஹனஃபி அறிஞர்கள் தடுத்தார்கள். கற்பிப்போர் பிழைப்பைத் தேடிப் போய்விட்டால் கல்வியே அற்றுப்போகும் என்று கண்ட பிற்கால ஹனஃபி அறிஞர்கள் அதனை அனுமதித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ அது ஆகுமானதே. இறைவேதத்தைக் கற்பிப்பதற்கே கூலி ஆகுமென்றால், விழா மலருக்குக் கட்டுரை எழுதுவதற்கு ஆகாதா? இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தில் கூலி இன்னதென்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். கூலி தெளிவில்லாமல் ஒப்பந்தம் பழுதுபட்டு, வேலையும் முடிந்துவிட்டால், அத்தகைய வேலைக்கு வழக்கமாகக் கிடைக்கும் கூலியை, அதாவது உஜ்ரத்துல் மித்லைக் கொடுத்தாக வேண்டும். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையை மேடைதோறும் முழங்குகிறோம். மையினால் உழைப்பவனுக்கு அதில் விலக்கு எங்கே இருக்கிறது?

புரவலரை நம்பி வாழ்ந்த எழுத்தின் கதியையும் வரலாற்றில் காண்போம். பஸ்ராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலை அமைச்சர் இப்னு ஸய்யாத்துக்குக் காணிக்கையாக்கி ஐயாயிரம் தீனார் பெற்றார் என்பர். 847இல் அவ்வமைச்சர் வீழ்ந்து சித்திரவதையில் மாண்டபோது, ஜாஹிழும் தப்பியோட நேர்ந்தது. பரிசில் வாழ்ந்தவனுக்குப் பரிசளித்தவனின் விதியும் சேர்ந்தே வந்தது. பக்தாதில் நூல்களைப் படியெடுத்து விற்ற வர்ராக்குகளின் தொழிலால் வயிறு வளர்த்த அபூ ஹய்யான் அத்தவ்ஹீதி, ரய் நகரில் அமைச்சர் இப்னு அப்பாதை நாடிப் போனார். அங்கும் அமைச்சரின் கடிதத் தொகுதிகளைப் படியெடுக்கும் வேலையே அவருக்குக் காத்திருந்தது. சில ஆண்டுகளுக்குப்பின் வெறுங்கையோடு திரும்பிய அவர், முதுமையில் தம் நூல்களைத் தாமே நெருப்பிலிட்டார். அரபு உரைநடையின் சிகரங்களுள் ஒருவர் அவர்!

நம் தமிழகத்துக்கு வருவோம். உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடச் செய்தவர் வள்ளல் சீதக்காதி. வள்ளல் மறைந்த பின் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரிக்க முன்வந்திராவிட்டால், 5027 விருத்தங்கள் கொண்ட அக்காப்பியத்தின் கதி என்னவாகியிருக்கும்? அவ்வள்ளல்களை நன்றியோடு நினைப்போம். ஆனால், ஒரு வள்ளலின் ஆயுளில் ஓர் இலக்கியத்தின் ஆயுளைத் தொங்கவிடுவது பாதுகாப்பான ஏற்பாடு அன்று. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானுக்குச் சோறு போட்டது மிளகாய் வற்றல் வணிகமே. மலையாளத்தின் பஷீர் தம் நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்றார். பேனாவையே நம்பிய புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தபோது வயது 42. உருதுவின் மண்ட்டோ 1955இல் லாகூரில் இறந்தபோதும் வயது 42. இறந்த பின் இவர்களுக்குக் கூட்டம் போட நாம் தவறுவதில்லை.

"எங்கள் இதழே நட்டத்தில் நடக்கிறது, எங்கிருந்து கொடுப்பது?" என்று பத்திரிகை நடத்துவோர் கேட்பர். அவர்களின் இடரை நான் அறிவேன். கொடுக்க இயலாதவர் அதனை முன்கூட்டியே சொல்லட்டும். "இவ்வளவே எங்களால் இயலும், ஒன்றுமே இயலாது, விருப்பமிருந்தால் எழுதுங்கள்" என்று சொன்னால், எழுதுபவர் மனமுவந்து தருவார், அது ஸதகாவாகும். கேளாமலே எடுத்துக்கொண்டு அதற்கு ஸதகா என்று பெயரிட எடுத்தவருக்கு உரிமையில்லை. தர்மத்தைத் தீர்மானிப்பவர் கொடுப்பவரேயன்றி வாங்குபவர் அல்லர். அச்சகத்தாரிடம் "தீனுக்காக" என்று சொல்ல நா எழாத ஏழ்மை, எழுத்தாளரிடம் மட்டும் நாவெழுவது ஏன்?

எழுதுவோருக்கும் ஒரு சொல். கேட்பதை இழிவென்று எண்ணாதீர்கள். ஊழியரல்லாத ஒருவர் எழுதிய கட்டுரைக்கு முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரையில், அவரே என்கிறது 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமை அவர் பிள்ளைகளுக்கு உண்டு. வாய்ச்சொல்லை நம்பி அதனை இழப்பவர், தம் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்தே இழக்கிறார். கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு வேதமே பணித்திருக்கும்போது, எழுத்தாளன் தன் உரிமையை எழுதி வைக்கக் கூசலாமா?

சமுதாயப் பெருமக்களே! அடுத்த மலருக்கான குழு கூடும்போது, காகிதம், அச்சு, அட்டை என்று வரவுசெலவு போடும் தாளில் "எழுத்துக்கூலி" என்று ஒரு வரி சேருங்கள். தொகை சிறிதாக இருக்கலாம். அந்த வரி இல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது. படிக்கும் இதழுக்குச் சந்தா கட்டுங்கள். இவ்விரண்டையும் செய்த பிறகு, எழுதியவருக்கு அல்லாஹ் அஜ்ரு தரட்டும் என்று தாராளமாக துஆச் செய்யுங்கள். அந்த துஆவுக்கு ஆமீன் சொல்ல எழுதியவரின் வீட்டாரும் உடன் இருப்பர்.